காலிச் சாக்கில் வண்டு, பென் டிரைவில் புழு



விருதுநகர்ப் பக்கத்திலிருந்து 1984-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, மளிகை மொத்த வியாபாரம் செய்து வருபவன் நான். படிப்பு பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. கம்ப்யூட்டரைப் பற்றி எழுத இவருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்டால் அது நியாயமே. பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதுதான் எனக்குள்ள ஒரே தகுதி. இன்று கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இல்லாத கடை நம்மில் குறைவு. எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

காணாமல் போன வசூல் கணக்கு

2022 மார்ச் மாதம். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய மூன்று நாள்தான் பாக்கி. மாலை நேரம், டெம்போவில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. பில் போடும் பையன் வந்து, "அண்ணாச்சி, வசூல் ஃபோல்டர் திறக்க மாட்டேங்குது" என்றான்.

போய்ப் பார்த்தேன். பென் டிரைவில் எல்லாப் பெயர்களும் அப்படியே இருந்தன. ஆனால் ஒவ்வொரு படத்தின் இடது மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. தட்டினால் திறக்கவில்லை.

அவசரத்தில், பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தேன். "பென் டிரைவை ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும். கம்ப்யூட்டரில் காப்பி இருக்கிறதல்லவா?" என்று கேட்டார். "இருக்கிறது" என்றான் பையன். ஃபார்மட் செய்துவிட்டு, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் பார்த்தோம். கம்ப்யூட்டரில் இருந்த காப்பி 19 நாள் பழையது. குடோனுக்கும் கடைக்குமாகப் போய்வரும் வசதிக்காகப் பையன் பென் டிரைவிலேயே நேரடியாக வசூலைப் பதிந்து வந்திருக்கிறான். பில்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் 63 கடைக்காரர்கள் 19 நாளில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு போய்விட்டது.

அதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, புதிதாக வாங்கிய பென் டிரைவிலும் அதே அம்புக்குறிகள் முளைத்தன.

பழுது பார்ப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவரை விரட்டியவன் நான்தான்.

இந்தப் புழு எப்படி வேலை செய்கிறது?

கம்ப்யூட்டரைக் கெடுக்கும் நிரல்களில் பல வகை உண்டு. வைரஸ் என்பது வேறொரு நிரலோடு ஒட்டிக்கொண்டு பரவும். புழு என்பது யாரோடும் ஒட்டாமல் தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டு பரவும். நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. பயறு வண்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் வண்டு பயற்றின் மேலே முட்டை வைக்கிறது. பொரித்த புழு பயற்றுக்குள் துளைத்துப் போய் உள்ளேயே தின்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பயறு நல்ல பயறுதான். ஓட்டை தெரியும்போது மூட்டையே போயிருக்கும். அந்த வண்டு நம் குடோனுக்கு எப்படி வருகிறது? பல நேரம், திரும்பி வரும் காலிச் சாக்கின் தையலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பென் டிரைவும் அந்தக் காலிச் சாக்கு மாதிரிதான். பத்து இடம் போய்விட்டு நம்மிடம் வருகிறது.

என் பென் டிரைவில் வந்த புழு செய்தது இதுதான். என்னுடைய ஃபோல்டர்களை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில், அதே படத்தோடு, பொய்யான குறுக்குவழிகளை வைத்திருந்தது. ஷார்ட்கட் என்று சொல்வார்களே, அது. பையன் அதைத் தட்டும்போது முதலில் புழு ஓடும். அடுத்து உண்மையான ஃபோல்டரும் திறக்கும். ஆகவே பல நாள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருமுறை கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டால், ஒவ்வொரு நாளும் மெஷினைப் போட்டவுடன் அதுவும் எழுந்துகொள்ளும். அதற்குப் பிறகு எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் அதில் தன் நகலை வைத்துவிடும்.

அப்படியானால், பென் டிரைவை மட்டும் கழுவி என்ன பயன்? வண்டு விழுந்த குடோனில் சாக்கை மட்டும் உதறியது போலத்தான். குடோன் கம்ப்யூட்டரில் புழு உட்கார்ந்திருந்தது. அதனால்தான் புதுப் பென் டிரைவும் கெட்டது.

பிளாப்பி காலத்திலிருந்தே உள்ள பழக்கம்

இது புதிய வியாதி அல்ல. பெர்சனல் கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெயின்', 1986-ல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சகோதரர்கள் இருவர் எழுதியது. நம்மைப் போல அவர்களும் கடைக்காரர்கள்தான்! தங்கள் பெயர், கடை விலாசம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். பிளாப்பி தட்டுகள் கை மாறிக் கை மாறி அது வெளிநாடுகள் வரை போய்விட்டது.

பிளாப்பி போய்ப் பென் டிரைவ் வந்தது. செருகியவுடன் தானாக ஓடும்படி விண்டோஸில் ஒரு வசதி இருந்தது. ஆட்டோரன் என்பார்கள். புழு எழுதுவோருக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. 2008 நவம்பரில் 'கான்ஃபிக்கர்' என்ற புழு வந்தது. அதன் பிந்தைய வகைகள் நெட்வொர்க் வழியாகவும் பென் டிரைவ் வழியாகவும் பரவி, உலகமெங்கும் பல லட்சம் கம்ப்யூட்டர்களில் புகுந்தன. இங்கிலாந்தில் மான்செஸ்டர் மாநகராட்சி 2009-ல் இதில் மாட்டி, சுமார் 15 லட்சம் பவுண்டு இழந்தது. அதன் பிறகு அங்கே பென் டிரைவ் உபயோகத்துக்கே தடை போட்டார்கள்.

2009-ல் வந்த விண்டோஸ் 7-லும், 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் பென் டிரைவ் தானாக ஓடும் வசதியை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அப்போதும் புழுக்கள் ஒழியவில்லை. தானாக ஓட முடியாவிட்டால், நம் கையாலேயே தட்ட வைப்பது என்று வழி மாற்றிக்கொண்டன. அந்தப் பொய்க் குறுக்குவழி அப்படி வந்ததுதான்.

2010 ஜூனில் கண்டுபிடிக்கப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் குறுக்குவழியைத் தட்டக்கூட வேண்டியதில்லை; பென் டிரைவைத் திறந்து படத்தைப் பார்த்தாலே போதும், உள்ளே போய்விடும். ஈரானின் நதான்ஸ் அணு எரிபொருள் ஆலையின் இயந்திரங்களைக் குறிவைத்துச் செய்யப்பட்ட புழு அது. ஆனால் பரவியதில் நம் நாட்டுக்கும் பங்கு கிடைத்தது. சைமன்டெக் நிறுவனம் எடுத்த கணக்கில் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்த மூன்றாம் இடத்தில் இந்தியா இருந்தது. சுமார் 8 சதவீதம். யாரையோ குறிவைத்து விட்ட அம்பு, வழியில் நம் கடைக் கண்ணாடியையும் உடைக்கும் என்பதற்கு இது சாட்சி.

இப்போது இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2021-ல் கண்டறியப்பட்ட 'ராஸ்ப்பெர்ரி ராபின்' என்ற புழுவும் பென் டிரைவில் பொய்க் குறுக்குவழியாக வருவதுதான். 2022 அக்டோபரில், முந்தைய 30 நாளில் மட்டும் சுமார் 1,000 நிறுவனங்களில் ஏறத்தாழ 3,000 கம்ப்யூட்டர்களில் அதன் தடயம் தெரிந்ததாக மைக்ரோசாப்ட் சொன்னது.

ஒரகடத்திலேயே நடந்தது

இதெல்லாம் வெளியூர்க் கதை என்று எண்ணுவோருக்கு நம் ஊர்க் கதை ஒன்று. 2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற புழு உலகமெங்கும் பரவி, 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. அந்த வார இறுதியில் ரெனோ–நிஸான் கூட்டணியின் ஆலைகளில் பிரான்ஸ், இங்கிலாந்து, ஸ்லோவேனியா, ருமேனியா, இந்தியா ஆகிய நாடுகளில் உற்பத்தி நின்றது அல்லது குறைந்தது. இந்தியாவில் என்றால், நம் ஒரகடத்தில் உள்ள ஆலைதான்.

வான்னாக்ரை பென் டிரைவில் வந்ததல்ல. நெட்வொர்க் வழியாகத் தானே தாவும் ஜாதி. இருந்தாலும் அதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. ஒன்று, அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. இரண்டு மாதமாகப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். 'அப்டேட் வேண்டுமா' என்று கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்று தட்டுகிறோமே, அந்தப் 'பிறகு'தான் இது. இரண்டாவது பாடம் அதைவிடப் பெரியது. புழு மேலும் பரவாமலிருக்கவே சில இடங்களில் வேலையை நிறுத்தினோம் என்று ரெனோ நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. மறைக்கவில்லை. இதைக் கடைசியில் மீண்டும் பேசுகிறேன்.

புழுவை எடுக்கும் முறை

இரண்டாம் முறை புழு வந்தபோது, நண்பர் ஒருவரின் மகனை வரவழைத்தேன். தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்களோடு இருந்து செய்து கொடுத்தார். அவர் செய்த வரிசையை அப்படியே தருகிறேன்.

முதலில், எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள். ஃபோல்டர்கள் மறைந்திருக்கின்றனவே தவிர, அழிந்திருக்காது. நான் இழந்தது புழுவால் அல்ல, ஃபார்மட்டால்.

இரண்டாவது, எல்லா கம்ப்யூட்டர்களையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பிரித்துவிடுங்கள். சுத்தம் முடியும் வரை எந்தப் பென் டிரைவையும் செருகக் கூடாது. பேக்கப் வைத்திருக்கும் டிஸ்க்கை அறவே செருகக் கூடாது. 'அதிலாவது இருக்கிறதா பார்ப்போம்' என்று செருகித்தான் பலர் அதையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, முதலில் கம்ப்யூட்டர், பிறகுதான் பென் டிரைவ். ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் தனித்தனியாக இன்டர்நெட்டில் இணைத்து, அப்டேட் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற பகுதி கூடவே வருகிறது. தனியாகக் காசு இல்லை. அதில் 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்', பிறகு 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' என்று போனால் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கும். அதைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுவதும் விழிப்பதற்கு முன்பே சோதிக்கும். புழு எழுந்து உட்காருவதற்குள் பிடிக்கிற வழி இது. சுமார் 15 நிமிடம் ஆகும். அது முடிந்ததும் 'ஃபுல் ஸ்கேன்' ஒன்று கொடுங்கள். அது சில மணி நேரம் ஓடும். கடை மூடியபின் விட்டுவிடலாம்.

நான்காவது, எல்லா கம்ப்யூட்டர்களும் சுத்தமான பிறகு, பென் டிரைவ்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். தட்டித் திறக்காமல், வலது பக்கப் பொத்தானை அழுத்தி ஸ்கேன் கொடுங்கள். பிறகு 'வியூ' பகுதியில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மறைந்த ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். அப்போதும் தெரியாவிட்டால், 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' உள்ளே, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் கணக்குக் கோப்புகளை மட்டும் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறி உள்ளது, நீங்கள் வைக்காத நிரல் எதுவும் வேண்டாம். எடுத்ததைத் திறந்து சரிபார்த்த பிறகுதான், பென் டிரைவை ஃபார்மட் செய்யலாம்.

ஐந்தாவது, சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து வங்கி, ஜி.எஸ்.டி., இ-மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள். சில புழுக்கள் வழிகாட்டி மாதிரி. பின்னாலேயே திருடனை அழைத்து வரும். வங்கிப் பணம் போனதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசவேண்டும்.

மத்திய அரசும் 2017 பிப்ரவரியில் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்ற மையத்தை ஆரம்பித்தது. புழு எடுக்கும் கருவிகள் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தப் பென் டிரைவ் நம் கம்ப்யூட்டரில் வேலை செய்யலாம், எது கூடாது என்று கட்டுப்படுத்தும் 'யூ.எஸ்.பி. பிரதிரோத்' என்ற கருவியும் அங்கே உண்டு.

கடையில் வைத்துக்கொள்ள வேண்டிய சில விதிகள்

கடைப் பென் டிரைவ் கடையை விட்டு வெளியே போகக்கூடாது. வெளிப் பென் டிரைவ் கல்லாக் கம்ப்யூட்டருக்கு வரக்கூடாது. ஆடிட்டருக்கோ, கேன்டீன் காண்ட்ராக்டருக்கோ கணக்கு அனுப்ப வேண்டுமானால் இ-மெயிலில் அனுப்பலாம்.

சார்ஜ் போடுகிறேன் என்று பையன்கள் செல்போனை பில் போடும் கம்ப்யூட்டரில் செருகுவார்கள். செல்போனும் மெமரி கார்டும் பென் டிரைவுக்குச் சமம்தான். சார்ஜ் போட சுவரில் பிளக் இருக்கிறது.

கீழே கிடந்த பென் டிரைவையும், யார் கொடுத்தது என்று தெரியாமல் அன்பளிப்பாக வந்ததையும் செருகவேண்டாம். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சிக்காக 297 பென் டிரைவ்களை ஆங்காங்கே போட்டு வைத்தார்கள். அவற்றில் 45 சதவீதத்துக்கும் மேல் யாரோ எடுத்துச் செருகித் திறந்துவிட்டார்கள். படித்தவர்கள் இடத்திலேயே அப்படி!

'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆட்டோபிளே' என்பதை நிறுத்தி வையுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மாற்றும் வழியைப் பார்க்கவேண்டும்.

வசூல் கணக்கைத் தினம் இரவு ஒரு தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, உடனே கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே இருக்கும் பேக்கப், பேக்கப் அல்ல.

சொல்லாமல் விட்டதால் வந்த வினை

அந்தத் தம்பி எங்கள் கடைக்கு வந்தவுடன் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. "அண்ணாச்சி, இந்தப் பென் டிரைவ் எங்கெல்லாம் போகும்?" என்றுதான் முதலில் கேட்டார். பையனைக் கேட்டு எழுதினோம். குடோன், ஆடிட்டர் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, தொழிற்சாலை கேன்டீன்களுக்குச் சாப்பாடு போடும் ஒரு காண்ட்ராக்டர். "எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்" என்றார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. கணக்கு தொலைந்தது என்று வெளியே தெரிந்தால், வசூல் என்னாகும்? கொடுத்தவரும் கொடுக்காதவரும் 'கொடுத்துவிட்டேன்' என்றால் என்ன செய்வேன்? இரண்டு நாள் பேசாமலே இருந்தேன். பிறகு யோசித்தேன். வண்டு விழுந்த மூட்டையை ஒருவருக்கு அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தபின் வாயை மூடிக்கொண்டிருப்பது வியாபாரம் ஆகுமா? ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன்.

காண்ட்ராக்டர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணாச்சி, உங்கள் பையன் கொடுத்த கணக்கோடு என் பென் டிரைவைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். வாசலிலேயே சோதித்து, வைரஸ் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினைந்து நாள் ஆயிற்று. உங்களிடம் சொன்னால் தப்பாக நினைப்பீர்களோ என்று சொல்லவில்லை" என்றார்.

மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டார். அந்தப் பதினைந்து நாளும் என் பையன் அதே பென் டிரைவில் வசூலைப் பதிந்துகொண்டிருந்தான். அன்றே சொல்லியிருந்தால் என் கணக்கு தப்பியிருக்கும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. அது முக்கியமும் இல்லை. தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி பென் டிரைவைக் கேட்டு வாங்கி வைக்கும்போது எனக்குக்கூட முன்பெல்லாம் அவமானமாக இருக்கும். இப்போது நானே எடுத்து நீட்டுகிறேன்.

கணக்குக்காக, டெம்போவில் ஏறி லைன் முழுவதும் போனேன். மாத்தூர், வல்லம், எழிச்சூர், பிள்ளைப்பாக்கம், சுங்குவார்சத்திரம். ஒவ்வொரு கடையிலும் உண்மையைச் சொன்னேன். "என் கணக்கு போய்விட்டது. நீங்கள் கொடுத்ததை நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றேன். பலர் தங்கள் நோட்டைக் காட்டினார்கள். எழிச்சூர்ப் பக்கம் ஒரு பெட்டிக்கடை அம்மாவுக்கு 6,000 ரூபாய் வரவு இருக்கும் என்று நான் உத்தேசமாகக் குறித்து வைத்திருந்தேன். அந்த அம்மா காலண்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்லை அண்ணாச்சி, நாலாயிரம்தான் கொடுத்திருக்கேன். ரெண்டாயிரம் நிக்குது" என்றார்.

63 கடைகளும் சுற்றி முடித்தபோது, எனக்குக் கணக்குச் சேராமல் நின்றது 11,000 ரூபாய் சொச்சம். ஜி.எஸ்.டி.யில் நான்கு நாள் தாமதம், அதற்குரிய கட்டணமும் வட்டியும் கட்டினேன்.

ஆகவே நம் சங்க அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் கம்ப்யூட்டரில் புழு வந்தால், அன்றைக்கே பென் டிரைவ் போய்வந்த இடங்களுக்கெல்லாம் போன் செய்து சொல்லிவிடுங்கள். சொல்பவரை யாரும் இளப்பமாக நினைக்கவேண்டாம். இன்று கடை மூடுவதற்கு முன் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். பில் போடும் பையனைக் கூப்பிட்டு, நம் கடைப் பென் டிரைவ்கள் எத்தனை, அவை எங்கெல்லாம் போய் வருகின்றன என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, கல்லாவுக்கு மேலே ஒட்டி வையுங்கள்.